ஒரு மில்லிமீட்டர் வாய்க்கால்

பலேர்மோவில் பொலிதேயாமா அரங்கின் உச்சியில் நான்கு குதிரை பூட்டிய வெண்கலத் தேர் ஒன்று நிற்கிறது. 1874இல் திறந்த அரங்கு. அந்தத் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்து, தாந்தே சாலையில் நேரே நடந்தால் அரை மணிக்குள் சீசா வந்துவிடும். தமிழில் சீசா என்றால் குப்பி. இங்கே அது அரபியின் அல்-அசீஸ் திரிந்து வந்த பெயர். நார்மன் அரசன் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்கி, மகன் இரண்டாம் வில்லியம் முடித்த கோடை அரண்மனை அது. கோடை அரண்மனை ஏன் தேவைப்பட்டது என்பதை ஜூலையில் அந்தச் சாலையில் நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் இந்த ஊரின் பழைய வானியல் ஆய்வகத்துக் கருவி 47 டிகிரி காட்டியது.

அரண்மனையின் கீழ்க்கூடத்தில் சுவரடியிலிருந்து புறப்படும் நீர், சாய்வாகப் பதித்த சலவைக்கல் பலகை ஒன்றின் மேல் வழிந்து, தரையில் வெட்டிய வாய்க்காலுக்குள் விழுந்து, இரண்டு சதுரத் தொட்டிகளைத் தாண்டி வெளியே குளத்துக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். பலகை வழவழப்பாக இல்லை. மேலிருந்து கீழ்வரை அம்புமுனை அம்புமுனையாக வரி செதுக்கியிருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஓடிவிடப் பார்க்கும் நீர் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி, மடிந்து, புரண்டுதான் இறங்க முடியும். அழகுக்குச் செய்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதைப் பார்த்தவுடன் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரி நாட்களில், உள்ளங்கை அளவு செம்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் காடி போட்டுத் தர வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இதுல என்ன ஓடப் போவுது?”

“தண்ணிங்ணா.”

“எங்க வெக்கறது?”

“கம்ப்யூட்டருக்குள்ளங்ணா.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தண்ணி சும்மா ஓடுனாப் பத்தாதுங்க தம்பி, உரசிட்டு ஓடோணும்” என்றார். வாட்டர் பிளாக் பற்றி நான் பின்னால் படித்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தின் உரைதான்.

ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கி, தன் வயிற்றுக்குள் ஓடும் நீரிடம் கொடுக்கும் உலோகப் பெட்டிதான் வாட்டர் பிளாக். அங்கிருந்து நீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, பம்ப் வழியாகத் திரும்பி வரும். பம்ப், ரேடியேட்டர், குழாய் எல்லாம் கடையில் கிடைக்கும். வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவன் கைவைக்கும் இடம் இந்தப் பெட்டி மட்டுந்தான். இதன் உள்ளே நீர் போகும் வழி எப்படி இருக்க வேண்டும்? முப்பது ஆண்டுகளாக வீட்டுப் பட்டறைகளில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இதுதான். பெரிய கணினி நிறுவனங்கள் இதை அதற்கும் முன்பே கேட்டுவிட்டன.

முதலில் சூட்டின் அளவு. துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். சென்டிமீட்டருக்கு 5 வாட். இன்டெலின் கோர் ஐ9 13900கே உச்ச வேகத்தில் 253 வாட் இழுக்கிறது, அதன் சிலிக்கான் சில்லின் பரப்போ இரண்டரைச் சதுர சென்டிமீட்டர்தான். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட இருபது மடங்கு நெருக்கமான சூடு, அதுவும் 100 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இத்தாலியின் விச்சென்சாவில் பிறந்த ஃபெடரிகோ ஃபாஜின் முன்நின்று உருவாக்கி 1971இல் வெளிவந்த இன்டெல் 4004இல் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன, அது ஒரு வாட்டைக்கூடத் தொடவில்லை. அதற்கு விசிறியே தேவையில்லை, தண்ணீரை எவன் நினைத்திருப்பான்?

தண்ணீர் ஏன் என்பது எளிது. ஒரே கன அளவு நீர், அதே டிகிரி ஏற்றத்துக்குக் காற்றைவிட சுமார் 3,500 மடங்கு சூட்டைச் சுமக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் நீர் ஓடும் பிளாக்குக்குள் 200 வாட் செலுத்தினால், உள்ளே போன நீருக்கும் வெளியே வந்த நீருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை டிகிரிகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான் “தண்ணீர் மெதுவாகப் போனால் நன்றாகச் சூட்டை வாங்கிக்கொள்ளும்” என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீரின் கொள்ளளவில் பஞ்சமே இல்லை. பஞ்சம் இருப்பது செம்பிலிருந்து நீருக்குக் கைமாறும் இடத்தில்.

அந்த இடத்தில் ஒரு படலம் இருக்கிறது. வாய்க்காலின் நடுவில் நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் நகர்வதில்லை. அதற்கு அடுத்த அடுக்கு தவழும், அதற்கடுத்தது நடக்கும், நடுவில்தான் ஓட்டம். செம்பு சூட்டைக் கடத்தும் திறன் ஏறத்தாழ 400 என்றால் அதே அலகில் அசையா நீரின் திறன் 0.6. அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள அந்தச் சோம்பேறிப் படலம், ஆறு ஏழு சென்டிமீட்டர் செம்புக்குச் சமமான தடை. வீட்டு பிளாக்குகளின் வரலாறு முழுவதும் இந்தப் படலத்தைக் கிழிப்பதற்கோ மெலிய வைப்பதற்கோ செய்த முயற்சிகள்தான். சீசாவின் சிற்பிக்கு இது கணக்காகத் தெரிந்திருக்காது, கண்ணால் தெரிந்திருக்கிறது.

பெரிய கணினிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 கணினியில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் ஒரே பீங்கான் தட்டில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சில்லின் முதுகையும் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன பிஸ்டன் அழுத்திப் பிடிக்கும். இடைவெளியில் ஹீலியம், அதற்கு மேல் நீர் ஓடும் தகடு. கடிகாரம்போன்ற வேலைப்பாடு, வீட்டில் செய்ய நினைக்கவே முடியாதது. அதற்கு மறு ஆண்டு, 1981இல், ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மனும் பீஸும் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகலத்தில், 300 மைக்ரான் ஆழத்தில் வாய்க்கால்களை அரித்தெடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட்டை நீரால் வெளியேற்றிக் காட்டினார்கள். அவர்கள் நீரைக் கொந்தளிக்க விடவில்லை. வாய்க்கால் முடிபோல மெலிந்துவிட்டால் படலம் தடிக்க இடமே இருக்காது என்பது அவர்கள் வாதம். அமைதியாக ஓடும் நீரில் அகலத்தைப் பாதியாக்கினால் சூடு கைமாறும் வேகம் இரு மடங்காகும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்கள் 1990களின் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்கள். 1998இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு ப்ராசஸரை 450 மெகாஹெர்ட்ஸுக்கு விரட்டலாம் என்று தெரிந்ததும் ஊரெல்லாம் அந்தப் பித்து பிடித்தது. அதற்கு உண்மையில் நல்ல விசிறியே போதும். தண்ணீருக்கு நியாயம் கிடைத்தது ஏஎம்டியின் ஆத்லான் காலத்தில். 2001இல் வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான், 1.2 சதுர சென்டிமீட்டர் சில்லிலிருந்து 72 வாட் உமிழ்ந்தது. சில்லின் மேல் மூடித்தகடு கிடையாது. கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் மூலை நொறுங்கி ப்ராசஸர் போய்விடும். எத்தனை பேர் அப்படித் தொலைத்தார்களோ! ஆனால் வீட்டு பிளாக்குக்கு அதுதான் பொற்காலம். சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட் தவிர வேறொன்றும் இல்லாததால், பிளாக்கில் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் தெர்மாமீட்டரில் தெரிந்தது.

அந்தக் காலத்துத் துணைப்பொருள்களைப் பட்டியலிட்டாலே வேடிக்கையாக இருக்கும். பம்ப், மீன் தொட்டிக்கான ஜெர்மன் எய்ஹைம். ரேடியேட்டர், பழைய அமெரிக்கக் காரிலிருந்து கழற்றிய ஹீட்டர் கோர். நம் ஊரில் அதே வேலைக்குக் குழாய் என்றால், கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் கச்சிதமாகப் பொருந்தும். செம்புக்கு எலக்ட்ரிகல் பேனல் செய்கிறவர்களிடம் கிடைக்கும் பஸ் பார். அதைவிடத் தூய்மையான செம்பு சில்லறையில் கிடைப்பது அரிது.

முதல் வகை பிளாக் சோம்பேறிக்கானது. பிளம்பிங் கடையில் வாங்கிய செம்புக் குழாய் மூடியைக் கவிழ்த்து ஒரு தகட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, இரண்டு துளை போட்டு முனை வைத்துவிட்டால் முடிந்தது. உள்ளே நீர் குளம்போல் நிற்கும். கணக்கு இது: நான்கு சென்டிமீட்டர் சதுரத் தகட்டில் நீர் நல்ல வேகத்தில் கொந்தளித்து ஓடினாலே 200 வாட்டுக்கு செம்பு நீரைவிடப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். குளத்தில் அந்த வேகமும் கிடையாது. இரண்டாவது வகை, கெட்டிச் செம்பில் பக்கவாட்டில் ட்ரில் போட்டுத் துளைகளை ஒன்றோடொன்று சேர்த்து, வேண்டாத வாய்களை அடைப்பது. கசிவு குறைவு, துளையின் உட்பரப்பும் குறைவு. மூன்றாவது, ஒரே வாய்க்கால் பாம்புபோல் வளைந்து வளைந்து போகும் மேஸ் வகை. கடைகளிலும் நீண்ட காலம் விற்றது. வளைவுகளில் நீர் புரள்வதால் முந்தைய இரண்டையும்விட மேல். ஆனால் எல்லா நீரும் ஒரே வழியாகப் போக வேண்டியிருப்பதால் பம்ப் திணறும். சில்லுக்கு நேர் மேலே இருக்கும் வளைவுதான் உழைக்கும், மற்றவை கூட்டத்துக்கு நிற்கும்.

நான்காவதுதான் என்னுடையது: குறுக்கும் நெடுக்கும் காடி போட்டுச் சதுர முள்காடாக்கிய பிளாக். பார்வைக்கு அமர்க்களமாக இருக்கும். நான் செய்த தவறு முள்ளின் உயரம். உயரமாக வைத்தால் பரப்பு கூடும், சூடு கூடுதலாகப் போகும் என்று 10 மில்லிமீட்டர் வைத்தேன். செம்பு நல்ல கடத்திதான், ஆனால் நீர் அடிவாரத்திலேயே சூட்டைப் பறித்துக்கொள்வதால் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு நான்கைந்து மில்லிமீட்டர் உயரத்துக்குமேல் வெறும் அலங்காரம். நுனிக்குச் சூடு போய்ச் சேராது. காற்றில் இயங்கும் ஹீட் சிங்க்கில் நெட்டைத் தகடுகளைப் பார்த்துப் பழகிய கண் செய்யும் குற்றம் இது. அங்கே காற்று மெதுவாகத்தான் வாங்கும், அதனால் உயரம் உதவும். இங்கே உதவாது.

முள்ளை விட்டு நேர்த் தகடுகளுக்கு வந்தவர்கள்தான் சரியான வழிக்கு வந்தார்கள். கை ஹேக்ஸா பிளேடு போடும் காடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பொறுமையுள்ளவன் ஐந்து சென்டிமீட்டர் செம்பில் இருபத்தைந்து காடிகள் வரிசையாகப் போட்டுவிடலாம். மணிக்கட்டு ஒரு வாரம் வலிக்கும், செம்பு பிளேடைப் பிடித்து இழுக்கும், மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். அதன் மேல் ஒரு துளைத்தகட்டை வைத்து, நீரை மேலிருந்து செங்குத்தாகப் பீய்ச்சி அடிக்கும் வழியை 2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் புகுத்தினார்கள். பீய்ச்சிய நீர் செம்பில் மோதும் புள்ளியில் படலம் கிழிந்துபோகும். நடுவில் நுழைந்து இரு பக்கமும் பிரிந்து வெளியேறும் ஏற்பாடும் இதே சமயம் பரவியது. மிகச் சூடான நடுப்பகுதிக்குப் புது நீர் முதலில் போகும், ஒவ்வொரு துளி நீரும் கடக்கும் தூரமும் பாதியாகும். இன்று கடையில் வாங்கும் எந்த பிளாக்கைத் திறந்தாலும் இந்த நடுப்பிளவு இருக்கும்.

ஆனால் கடை பிளாக்கின் வாய்க்கால் அகலம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. செம்பைச் சீவிச் சீவி நிமிர்த்தும் இயந்திரத்தால் அது முடியும், ஹேக்ஸாவால் முடியாது. டக்கர்மன் விதிப்படி நம் வாய்க்காலைவிட அது ஐந்து மடங்கு நல்லது. இந்தப் பந்தயத்தில் வீட்டுக்காரன் தோற்றுவிட்டான் என்றே நினைக்கிறேன். அகலத்தைக் குறைத்தால் பம்பும் மாற வேண்டும். திறந்த பரப்பு மாறாமல் அகலத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்கு. ஒன்றரை மீட்டர் உயரம் ஏற்றவே மூச்சு வாங்கும் மீன் தொட்டி பம்பை வைத்துக்கொண்டு மெல்லிய வாய்க்கால் வெட்டுவது வீண் வேலை.

தோல்வியை இன்னும் உறுதியாக்கியது மூடித்தகடு. பென்டியம் 4 தொடங்கி, 2003இல் ஆத்லான் 64 வந்தபோது ஏஎம்டி பக்கமும், சில்லின் மேல் ஒரு செம்பு மூடி ஏறியது. மூலை நொறுங்கும் பயம் போயிற்று. கூடவே சில்லுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தடை, மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இன்னொரு தடை. நம் கைக்கு எட்டாத இடத்திலேயே பாதி டிகிரிகள் போய்விடுகின்றன. பிளாக்கை எவ்வளவு திருத்தினாலும் இரண்டு மூன்று டிகிரிதான் மிச்சம். பேஸ்ட் தடவுவதில் கை கொஞ்சம் முன்பின் ஆனாலே அந்த இரண்டு மூன்று டிகிரி மாறிவிடும். ப்ராசஸருக்குள் இருக்கும் சென்சாரோ ஒரு டிகிரிக்குக் கீழே பேசாது. அறை வெப்பத்தைக் குறித்து வைக்காமல், ஒரே பேஸ்டை ஐந்து முறை துடைத்துத் தடவிச் சராசரி பார்க்காமல், “என் டிசைன் மூன்று டிகிரி குறைத்தது” என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அடித்தகட்டின் தடிப்பில் பலர் ஏமாறுகிறார்கள். தடித்தால் சூடு பரவ இடம் கிடைக்கும், ஆனால் அதைக் கடக்க நேரும் தடையும் கூடும். இரண்டு சதுர சென்டிமீட்டர் சில்லின் மேல் 5 மில்லிமீட்டர் செம்பு நேராக நின்றால் 200 வாட்டுக்குப் பன்னிரண்டு டிகிரி அங்கேயே போய்விடும். பரவுவதால் உண்மையில் அவ்வளவு போகாது என்றாலும், 2 மில்லிமீட்டர் போதும். வெள்ளி, செம்பைவிடக் கொஞ்சம்தான் மேல், காசுக்கு உதவாது. பித்தளை செம்பில் கால் பங்குக்குச் சற்று மேல் கடத்தும். மூடிக்குச் சரி, அடித்தகட்டுக்கு ஆகாது. அலுமினியத்தைக் கிட்டவே சேர்க்கக் கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம், அலுமினியம் அரித்து வெள்ளைக் கூழாகி வாய்க்காலை அடைக்கும். பழைய கார் ரேடியேட்டர் என்றால் முதலில் அது செம்பா அலுமினியமா என்று சுரண்டிப் பாருங்கள். நீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பலேர்மோவில் இஸ்திரிப் பெட்டிக்கென்று சூப்பர் மார்க்கெட்டில் விற்பார்கள். சுண்ணாம்பு மலை சூழ்ந்த இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரும் சரி, சென்னை போர் தண்ணீரும் சரி, மில்லிமீட்டர் வாய்க்காலுக்குள் உப்புப் படிவை விட்டுவிடும்.

இனி ஊர் வெயில். ரேடியேட்டர் காற்றைவிடக் குளிர்ச்சியாக நீரைத் தர முடியாது. பலேர்மோவின் சிரோக்கோ காற்றிலும் திருச்சியின் சித்திரை வெயிலிலும் அறை 38 டிகிரி என்றால் நீர் 45ஐத் தொடும். உடனே ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடத் தோன்றும். வேண்டாம். கடற்கரை ஊர்களில் பனிநிலையே 20, 25 டிகிரி. அதற்குக் கீழே பிளாக் குளிர்ந்தால், குளிர்ந்த சொம்பின் மேல் வேர்ப்பதுபோல் பிளாக்கும் வேர்த்து, துளி மதர்போர்டில் இறங்கும். நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது வேறு வழி. சீசாவில் நடந்தது அதுதான், நம் வெட்டிவேர்த் தட்டியிலும் மண்பானையிலும் நடப்பதும் அதுதான். ஆளுயரப் பிவிசி குழாயை நிறுத்தி, மேலிருந்து நீரைப் பூவாளிபோல் சொரிய விட்டுக் கணினியைக் குளிர்வித்த அமெரிக்க ஆர்வலர்கள் உண்டு. வறண்ட காற்றில் அறை வெப்பத்துக்கும் கீழே நீர் இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் இறங்காது, மதுரையில் பங்குனியில் இறங்கும். தினமும் நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

ஆனால் நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதே தவறான எண்ணம் என்று பெரிய கணினிகள் காட்டிவிட்டன. 2010இல் சூரிச்சில் அக்வாசர், 2012இல் மியூனிக் அருகே சூப்பர்மக் இரண்டும் குளிக்க முடியாத சூட்டில் இருக்கும் நீரால் குளிர்விக்கப்பட்டவை. இத்தாலியில் போலோன்யாவின் சினேக்கா மையத்துக்காக யூரோடெக் செய்த யூரோரா, வெந்நீர்க் குளிர்விப்போடு 2013 ஜூனில் மின்சிக்கனக் கணினிகளின் கிரீன்500 பட்டியலில் முதலிடம் பிடித்தது. சில்லின் எல்லை 100 டிகிரி, பிளாக் எடுத்துக்கொள்வது 20 டிகிரி என்றால், நீர் 50இல் வந்தாலும் கவலையில்லை. நீரைக் குளிர்விக்க ஏசி வேண்டாம், மொட்டைமாடி ரேடியேட்டர் போதும். வெயில் ஊருக்கு இதுதான் செய்தி: பிளாக்கில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு டிகிரியும் கோடையைத் தாங்க உதவும். திருச்சி என்ஐடியில் 2022 மே 25 அன்று திறந்த பரம் பொருள், 19 கோடி ரூபாய்ச் செலவில் சி-டாக் நிறுவிய 838 டெராஃப்ளாப் இயந்திரம். அதுவும் சில்லைத் தொட்டுக்கொண்டு நீர்மம் ஓடும் முறையில்தான் குளிர்கிறது. காவிரிக் கரையில் வாய்க்கால் வெட்டுவது புதிதல்ல, அகலம்தான் புதிது.

பொலிதேயாமாவைச் சுற்றிய தெருக்களில் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழும். அங்கே அறிமுகமான ஒரு தம்பி, தானே ஒரு பிளாக் செய்யப் போவதாகச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்டான். கடையில் வாங்கு என்று சொல்லத்தான் வாய் வந்தது, சொல்லவில்லை. 50 மில்லிமீட்டர் சதுரத்தில் 6 மில்லிமீட்டர் பஸ் பார் எடுத்துக்கொள். ஹேக்ஸாவை மறந்துவிட்டு, மில்லிங் மெஷின் வைத்திருப்பவரிடம் அரை மில்லிமீட்டர் ஸ்லிட்டிங் பிளேடு போடச் சொல். நடுவில் 30 மில்லிமீட்டருக்கு மட்டும், மூன்றரை மில்லிமீட்டர் ஆழம். மேலே பித்தளை மூடி, நடுவில் ஒரு பிளவு, ஓ-ரிங்குக்குத் தனிக் காடி. அக்ரிலிக் மூடி அழகாகத்தான் இருக்கும், ஆனால் திருகை ஒரு சுற்று கூட இறுக்கினால் கீறல் விடும். அடியை, கண்ணாடித் தகட்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி 400, 800, 1200 என்று தேய். பம்பையும் குழாயையும் மாட்டி, கணினிக்கு வெளியே, கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு முழு நாள் ஓட விடு. மறுநாள் தாள் மொறுமொறுவென்று உலர்ந்திருந்தால் மதர்போர்டைத் தொடு.

“ஒரு மூலை மட்டும் லேசா ஈரமா இருந்தா, அண்ணை?” என்றான்.

ஓ-ரிங்கை மாற்றிவிட்டு இன்னொரு நாள் ஓட விடு என்றேன்.